திரையில் கோத்தோ: பயிற்சி வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் 2002 முதல் பாடத்திட்டத்தின்படி, நடுநிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் மூன்றாண்டுக்குள் ஒரு மரபு வாத்தியத்தையாவது பழகியாக வேண்டும். பல பள்ளிகள் கிடத்திவைத்துத் தந்திகளை மீட்டும் கோத்தோவைத் தேர்ந்தெடுக்கின்றன. ஏறத்தாழ 180 செ.மீ. நீளமுள்ள அந்த வாத்தியத்தை ஆளுக்கொன்றாகக் கொடுக்க முடியாததால், ஆசிரியர் பயிற்சியில் நான் எடுத்த பாடத்தைப் போலவே உங்கள் பாடமும் டேப்லெட்டை நம்பியே அமையக்கூடும்.

கராஜ்பேண்ட் போன்ற இசைச் செயலியில் கோத்தோவைத் திறந்தால் தந்திகள் சுருதி சேர்ந்தே வந்து நிற்கும். இதை வசதியென்று நினைத்து நேரே பாட்டுக்குப் போய்விடாதீர்கள். சுருதி சேர்ப்பதுதான் இந்த வாத்தியத்தில் பாதிப் பாடம். உண்மையான கோத்தோவில் 13 தந்திகளுக்கும் தனித்தனிக் குதிரைகள் (தந்தியைத் தாங்கும் சிறு கட்டைகள்) உண்டு. அவற்றை நகர்த்தித்தான் ஹிராஜோஷி என்ற சுருதியமைப்புக்குக் கொண்டுவருவார்கள். ஆகவே முதலில் சாதாரண விசைப்பலகையைத் திறக்கச் செய்து, ஹிராஜோஷியில் வரும் ஐந்து சுரங்களை மாணவர்களே காதால் தேடிப் பிடிக்கட்டும். (நம்மவர்களுக்கு இது எளிது: ஐந்தாம் தந்தியை ஸட்ஜமாகக் கொண்டால் 'கர்நாடக சுத்த சாவேரி' என்ற ராகத்தின் சுரங்களே கிடைக்கும்.) அதன் பிறகு 'சகுரா சகுரா' என்ற ஜப்பானிய மரபுப் பாட்டைத் தந்தி எண்களாலேயே எழுதிக் கொடுங்கள். 7-7-8, 7-7-8 என்று தொடங்குவதால், மேற்கத்திய இசைக்குறியீடு தெரியாத மாணவரும் உடனே வாசித்துவிடுவார்.

திரையால் ஆகாதது இடக்கை வேலை. குதிரைக்கு இடப்புறம் தந்தியை அழுத்தி அரைச்சுரமோ முழுச்சுரமோ ஏற்றும் ஒஷிதே என்ற உத்தியில், எவ்வளவு அழுத்தம் போதும் என்பதை விரலும் காதும் சேர்ந்தே கற்கின்றன. டேப்லெட்டின் கண்ணாடித் திரையில் அந்த எதிர்விசை கிடையாது. பள்ளியில் ஒரே ஒரு கோத்தோ இருந்தாலும் அதை இதற்கென்றே ஒதுக்கி, மற்றவர்கள் டேப்லெட்டில் பயிலும்போது இருவர் இருவராக அழைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு 50 நிமிடம்தான் என்பதால், இந்தச் சுழற்சியைப் பாடக்குறிப்பிலேயே நேரத்தோடு எழுதிவிடுவது நல்லது.

வாசிப்பதைச் செயலியில் பதிவு செய்யும் பயிற்சி வைத்தால், சீரான தட்டொலி தரும் மெட்ரோனோமையும் தாளத்தைத் தானாகத் திருத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பதினேழாம் நூற்றாண்டுக் கோத்தோ கலைஞர் யட்சுஹாஷி கெங்யோ இயற்றியதாகச் சொல்லப்படும் 'ரொகுதான்' மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுக்கும் உருப்படி. அதைக் கேட்கவைத்துவிட்டு மாறாத தாளக் கட்டத்துக்குள் வாசிக்கச் சொன்னால், கேட்டதும் வாசிப்பதும் ஒன்றுக்கொன்று முரண்படும்.