எங்கள் ஃபைட்டர் மீன் மீண்டு வந்த ஏழு வாரம்

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொளத்தூர் கலர் மீன் கடைத்தெருவில்தான் எங்கள் ஃபைட்டர் மீன் மயிலுவை வாங்கினோம். மூன்றாம் வகுப்பு முடித்த மகனுக்குக் கொடுத்த வாக்கு அது. கடையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆண் ஃபைட்டர். டப்பாக்களுக்கு நடுவே அட்டைத் துண்டு செருகியிருந்தார்கள். உடம்பு கருநீலம், வாலில் மயில் கழுத்துப் பச்சை, விரித்தால் அரைவட்டமாக நிற்கும் வால். என் மகன் விரலை நீட்டியது அதை நோக்கித்தான்.

“இதுக்கு ஃபில்டர், மோட்டார் எதுவும் வேண்டாம் மேடம். மேல வந்து காத்து குடிச்சுக்கும். சின்ன பவுல் போதும்” என்றார் கடைக்காரர். 3 லிட்டர் கண்ணாடிக் குடுவை, கலர் கூழாங்கற்கள், ஒரு பிளாஸ்டிக் செடி, பெல்லட் என்கிற மீன் தீனி டப்பா, ஆன்ட்டி குளோரின் பாட்டில் எல்லாம் வாங்கிக்கொண்டு வீடு வந்தோம்.

அவர் சொன்னதில் பாதி சரி என்பது பிறகுதான் தெரிந்தது. ஃபைட்டருக்குச் செவுள் போக, காற்றை நேரடியாகச் சுவாசிக்க இன்னொரு உறுப்பும் தலைக்குள் இருக்கிறது. நம் ஊர்க் குளங்களில் இருக்கும் பனையேறிக் கெண்டைக்கும் அப்படித்தான். அதனால் பிராணவாயு குறைந்த தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியும். ஆனால் கழிவு சேர்ந்த தண்ணீர் அதன் செவுளையும் தோலையும் மற்ற மீன்களைப் போலவே அரிக்கும்.

குடுவையைப் படுக்கையறையில் மகனின் படிப்பு மேசை மேல் வைத்தோம். முதல் வாரம் முழுக்க மயிலு ஓயவில்லை. கண்ணாடியை ஒட்டியபடி மேலே, கீழே, மேலே, கீழே. ராத்திரி குடுவை விளக்கைப் போட்டால் செவுள் மூடியைத் தாடி மாதிரி விரித்துக்கொண்டு நிற்கும். “அம்மா, டான்ஸ் ஆடுது பாரு” என்று மகன் கூப்பிடுவான். நாங்களும் மகிழ்ச்சியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் தண்ணீர் மட்டத்தில் நுரைக்கூடு வேறு கட்டியிருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். “கூடு கட்டினா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம் மேடம்” என்றார். அதை நம்பிவிட்டேன். ஆண் ஃபைட்டர் கூடு கட்டுவது இனப்பெருக்க உந்துதல். கெட்ட தண்ணீரில் இருக்கும்போதும் கட்டும். இன்று யாராவது கூட்டை மட்டும் காட்டி மீன் நலமாக இருக்கிறது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் வாரம் ஆட்டம் நின்றது. காலையில் மயிலு கூழாங்கற்கள் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. வால் மடக்கிய குடை மாதிரி ஒட்டிக்கிடந்தது. கருநீலம் வெளுத்து, சாம்பலைக் கரைத்து ஊற்றியது போல ஆகியிருந்தது. பெல்லட் போட்டால் கிட்டே வந்து பார்க்கும், வாயில் வாங்கும், துப்பிவிடும்.

அன்று நான் பதறிப்போய்ச் செய்த காரியம்தான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கற்களையும் குடுவையையும் தேய்த்துக் கழுவினேன். சுத்தமான தண்ணீராக இருக்கட்டும் என்று நாங்கள் குடிக்கும் கேன் தண்ணீரை ஊற்றினேன். கடையில் கேட்டு வாங்கிய மெத்திலீன் ப்ளூ என்ற மீன் மருந்தில் நாலு சொட்டும் விட்டேன். மறுநாள் காலை வாலில் அரைநிலா வடிவத்தில் இரண்டு துண்டுகளைக் காணவில்லை. மகன் அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது.

எங்கள் மாடி வீட்டில் ஒரு கல்லூரி மாணவர், கப்பி மீன் வளர்ப்பவர். அவரைக் கூப்பிட்டோம். வந்தவர் மீனைத் தொடவில்லை, மருந்தும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் சும்மா பார்த்தார். அப்புறம் கைப்பேசி விளக்கை வாலின் ஓரத்தில் ஒரு நொடி மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வால் அழுகல்னா ஓரம் கருத்தோ சிவந்தோ இருக்கும்க்கா, கொஞ்சம் கொஞ்சமா பிய்ஞ்சிருக்கும். இது ஒரே ராத்திரில சுத்தமா கடிச்ச மாதிரி இருக்கு. தன் வாலைத் தானே கடிச்சிருக்கு.”

மன உளைச்சலில் ஒரு மீன் தன் வாலையே கடிக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் கொண்டுவந்தார். கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர், இரண்டு பாட்டிலிலிருந்து சொட்டுகள், ஐந்து நிமிடக் காத்திருப்பு. மஞ்சளாக நின்றால் மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சான அமோனியா இல்லை, பச்சை ஏற ஏற அளவு கூடுகிறது என்று பொருள். கேன் தண்ணீர் ஊற்றி ஒரே நாள் ஆகியிருந்ததால் லேசான பச்சைதான் வந்தது. நல்லவேளையாக, கொட்டிய பழைய தண்ணீரில் கொஞ்சம் வாளியில் மிச்சம் இருந்தது. அதைச் சோதித்தபோது குழாய் கரும்பச்சை ஆனது. அட்டையில் பார்த்தால் 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. மீன் இருக்கும் தண்ணீரில் இது பூஜ்யமாக இருக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீரின் பிஹெச் (அமில கார அளவு) 7.8. பிஹெச்சும் சூடும் ஏற ஏற அமோனியாவின் விஷமும் ஏறும் என்றார். போர் தண்ணீரிலிருந்து ஒரே அடியாகத் தாது உப்பு மிகக் குறைந்த கேன் தண்ணீருக்கு மாற்றியது அடுத்த அதிர்ச்சி. மீனின் உடம்பு உப்புச் சமநிலையைக் காக்கத் தடுமாறியிருக்கும்.

தண்ணீரோடு முடியவில்லை. மேசைக்கு மேலேயே ஏசி. இரவு 22இல் வைப்போம், பகலில் அறையைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவோம். தெர்மாமீட்டர் போட்டு இரண்டு நாள் குறித்தேன். காலை 6 மணிக்கு 24 டிகிரி, மாலை 5 மணிக்கு 32. ஃபைட்டருக்கு 25இலிருந்து 28 வரை, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது நல்லது. 3 லிட்டர் தண்ணீர் அறையோடு சேர்ந்து கொதித்துக் குளிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. மேசைக்குக் கீழே பிளக்கில் கொசு விரட்டி லிக்விட். அந்த வகை மருந்துகள் மீனுக்கு நஞ்சு. அதிலும் இது மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் நெஞ்சு பதறியது. அன்றே பிளக்கிலிருந்து பிடுங்கி எறிந்தேன். இப்போது அந்த அறையில் கொசுவலைதான்.

பிறகு கண்ணாடி. வெளியே இருட்டாகவும் உள்ளே வெளிச்சமாகவும் இருந்தால் குடுவைச் சுவரே மீனுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுகிறது. ஃபைட்டரின் பூர்வீகமான தாய்லாந்து வயல்களிலும் சதுப்புகளிலும் இரண்டு ஆண் மீன்கள் மோதினால் தோற்றது புல்லுக்குள் ஓடிவிடும், சண்டை முடிந்துவிடும். கண்ணாடியில் தெரிகிற எதிரி ஓடுவதே இல்லை. மயிலு மணிக்கணக்கில் தன்னோடு தானே மோதிக் களைத்திருக்கிறது. நாங்கள் அதை டான்ஸ் என்று ரசித்திருக்கிறோம். தாய்லாந்தில் 2019இல் ஃபைட்டர் மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்திருக்கிறார்கள். கடைகளில் டப்பா இடையே அட்டை செருகுவதும் இந்தச் சண்டைக் குணத்துக்காகத்தான். அந்த அட்டையின் பாடத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவரத் தவறிவிட்டேன்.

காரணங்கள் தெரிந்ததும் எல்லாவற்றையும் அன்றே மாற்றிவிடத் துடித்தேன். மாடி வீட்டுத் தம்பி தடுத்துவிட்டார். “ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தினா அதுவே இன்னொரு அடிக்கா. மெதுவா போவோம்.”

முதல் நான்கு நாள் குடுவையை மட்டும் கூடத்துக்கு, டிவியிலிருந்து தள்ளி ஒரு மூலைக்கு மாற்றினேன். மருந்து நிறுத்தம். ஒரு வாளி போர் தண்ணீரில் ஆன்ட்டி குளோரின் விட்டு (எங்கள் சம்ப்பில் குளோரின் கலந்த மெட்ரோ வாட்டரும் சேரும்), இரவு முழுவதும் அதே கூடத்தில் வைத்து, காலையில் குடுவைத் தண்ணீரில் கால் பங்கை மட்டும் எடுத்துவிட்டு இதை மெல்ல ஊற்றுவேன். ஒன்று சொல்ல வேண்டும்: கோடையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கையைச் சுடும். குழாயிலிருந்து நேரே பிடித்து ஊற்றவே கூடாது.

பிளாஸ்டிக் செடியையும் எடுத்தேன். என் நைலான் துப்பட்டாவை அதன் இலை மேல் இழுத்துப் பார்த்தேன். நூல் மாட்டி இழுத்தது. வாலின் தோல் அந்தத் துணியைவிட மெல்லியது.

இதற்குள் 25 லிட்டர் தொட்டி ஒன்று தயாரானது. அதில் ஸ்பாஞ்ச் ஃபில்டர். புது ஸ்பாஞ்ச் போட்டால் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். மாடி வீட்டுத் தம்பி தன் கப்பித் தொட்டியில் மாதக்கணக்காக ஓடிய பழுப்பேறிய ஸ்பாஞ்சையே கழற்றிக் கொடுத்தார். அந்த அழுக்கு ஸ்பாஞ்ச்தான் மயிலுவைக் காப்பாற்றியது என்பேன். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும்.

எங்கள் தெரு முனையில் நாட்டு வாதுமை மரம் நிற்கிறது, பாதாம் மரம் என்போமே, அது. தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலைகளை மகன் பொறுக்கி வந்தான். கழுவி இரண்டு இலைகளைப் போட்டோம். இரண்டு நாளில் தண்ணீர் வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்தது. அந்த நிறத்தில் வெளிச்சம் மட்டுப்படும், இலைக்கடியில் ஒளியவும் இடம் கிடைக்கும். மண்சட்டி ஒன்றைப் படுக்கவைத்தோம். மூடி இடுக்கு வழியாக மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டோம். பின்னாலும் பக்கங்களிலும் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினோம். விளக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான், கூடத்து விளக்கு எரியும்போதே தொட்டி விளக்கை அணைத்துவிடுவோம்.

ஐந்தாம் நாள் மாற்றினோம். மயிலுவைக் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு கவரில் எடுத்து, புதுத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டோம். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் சேர்த்தோம். ஒரு மணி நேரம் ஆனது. மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தான். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாமல் மீனை மட்டும் விட்டோம். நேராகச் சட்டிக்குள் போய் ஒளிந்தது. அன்று வெளியே வரவே இல்லை. சாப்பாடு போடாமல் விட்டோம்.

அதன் பிறகு கவனிப்புதான் வேலை. பழைய டைரியில் தினமும் காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் குறிப்பேன்: வால் விரிந்ததா, வயிற்றுப் பக்கத் துடுப்பு இரண்டும் தொங்கிக் குவிந்திருக்கிறதா, எத்தனை முறை மேலே வந்து காற்று வாங்கியது. குடுவையில் இருந்தபோது ஐந்து நிமிடத்தில் ஒன்பது முறை மேலே வந்தது. புதுத் தொட்டியில் இரண்டாம் வாரம் மூன்றாகக் குறைந்தது. இந்த எண்ணிக்கை எல்லா மீனுக்கும் பொருந்தாது. தன் மீனின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவதற்கு மட்டும்தான் உதவும்.

நடுவில் ஒரு பின்னடைவு. எட்டாம் நாள் மறுபடி மூலையில் ஒண்டிக்கொண்டது. அமோனியா பூஜ்யம், சூடு 27. என்ன குறை என்று புரியவில்லை. அருகில் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது. ஸ்பாஞ்சிலிருந்து வரும் குமிழிகளின் வேகத்தில் அந்த நீண்ட வால் பாய்மரம் மாதிரி இழுபடுகிறது. எதிர்நீச்சல் போட்டுப் போட்டு ஓய்ந்திருக்கிறது. ஏர் பம்ப் குழாயில் ஒரு சின்ன வால்வு மாட்டி, குமிழிகளை ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குக் குறைத்தோம். சாயங்காலமே தொட்டியின் நடுவில் நீந்தியது.

பதினோராம் நாள் ஒரு பெல்லட்டை விழுங்கியது, துப்பவில்லை. இப்போது காலையில் மூன்று, மாலையில் மூன்று, வாரம் ஒரு நாள் பட்டினி. அதன் வயிறு கிட்டத்தட்ட அதன் கண் அளவுதான் என்று சொல்லி மகனைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறோம்.

இந்தக் குறிகள் எல்லாமே மன உளைச்சல் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், வெளிச்சத்தில் தங்கத் தூள் மாதிரி மினுமினுப்பு, செதில்கள் சிலிர்த்து நிற்பது இதெல்லாம் நோய். அதற்கு மருந்து வேண்டும், அதுவும் சீக்கிரம். பெண் ஃபைட்டர் வைத்திருப்பவர்கள் பக்கவாட்டில் நீளமாக ஓடும் கோடுகளைக் கவனியுங்கள். பயந்தாலோ உளைச்சலில் இருந்தாலோ அவை எழும். மேலிருந்து கீழாக வரும் கோடுகள் வேறு, இனப்பெருக்கத்துக்குத் தயார் என்று காட்டுபவை. இலை மேல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஃபைட்டர் படுத்து ஓய்வெடுக்கும் மீன். கூப்பிட்டால், அதாவது நாம் கிட்டே போனால், வால் விரிந்து எழுந்து வருகிறதா என்பதுதான் நான் பார்ப்பது.

ஏழாம் வாரத்தில் கடித்த இடத்தில் கண்ணாடித் தாள் போல நிறமில்லாத சவ்வு வளர்ந்து விளிம்பைத் தொட்டிருந்தது. அதில் நிறம் மெல்ல இறங்குகிறது. ஆனால் பழைய பச்சை வரவில்லை, செம்பு நிறத்தில் இரண்டு கீற்றுகள் விழுந்திருக்கின்றன. இன்று காலை டைரியை எடுக்கும் முன்பே மயிலு சட்டியிலிருந்து வெளியே வந்து, முன் கண்ணாடியில் என் விரலுக்கு நேராக நின்றது. தெர்மாமீட்டரில் 27.