மூன்று மணிக்கு இருட்டும் ஊர்

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் டிசம்பர் மாதம் வெளியே கிளம்புவதென்றால் முதலில் வெளிச்சக் கணக்குப் போட வேண்டும். காலை ஒன்பதேகால் வாக்கில் சூரியன் தலைகாட்டும், பிற்பகல் மூன்றேகாலுக்குள் போய்விடும். திருச்சியில் அந்த நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டிருப்போம்.

முதல் ஞாயிறு வாசலைத் தாண்டியதுமே வழுக்கினேன். கீழ்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊரில் முப்பது வருடம் கண்டவர். "உந்தச் சப்பாத்தோடயே வெளிக்கிடுறீர் தம்பி? விழுந்தீரெண்டால் இடுப்பு முறிஞ்சிடும்" என்று ஒரு ஜோடி ப்ரோடர் கொடுத்தார். ரப்பர் பட்டையில் இரும்பு முள் வைத்தது, ஷூவின் மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். கடைக்குள் நுழையும்போது கழற்ற வேண்டும் என்பதை வழவழத் தரை கற்றுக்கொடுத்தது.

ஃப்ரோக்னர் பூங்காவில் குஸ்தாவ் வீகலண்ட் செய்த சிலைகள் இருநூறுக்கும் மேல். கட்டணம் கிடையாது. ஆண், பெண், கிழவர், குழந்தை என்று யாருக்கும் துணி இல்லை, தலையில் மட்டும் பனித் தொப்பி. நடுவில் ஒரே கல்லில் குடைந்த தூண், அதில் 121 உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. மூன்று கல்தச்சர்களுக்குப் பதினான்கு வருடம் பிடித்ததாம். கோபக்காரப் பையன் சிலையின் கை மட்டும் பளபளக்கிறது, தொட்டுத் தொட்டே. "இதுக்காவது ஒரு சட்டை போட்டிருக்கலாம்" என்றாள் மனைவி.

கோட்டையும் அரண்மனையும் பார்த்தோம். அரண்மனைத் தோட்டத்துக்கு வேலியே இல்லை, அவ்வளவுதான்.

2008இல் திறந்த ஓபரா மாளிகையின் கூரை தண்ணீரோரத்திலிருந்தே சரிவாக ஏறுகிறது, யார் வேண்டுமானாலும் நடக்கலாம். வெள்ளை இத்தாலியப் பளிங்கு. எது பளிங்கு, எது பனி என்று கால்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் மிதக்கும் சௌனாவிலிருந்து, அதாவது சூடேற்றிய வியர்வைக் குளியல் அறையிலிருந்து, ஓடிவந்து கடலில் குதிக்கிறார்கள், கரையேறினால் உடம்பிலிருந்து ஆவி பறக்கிறது. நான்கு அடுக்கு உடுப்புக்குள் நின்றிருந்த எனக்குத்தான் நடுக்கம்.

ஆனால் மகளைக் கேட்டால் மலைதான் ஆஸ்லோ. ஒன்றாம் எண் மெட்ரோவில் கடைசி நிலையமான ஃப்ரோக்னர்செத்தரன் வரை போக வேண்டும். கீழே நகரம் மூடுபனியில் கிடக்க, மேலே அன்று நல்ல வெயில். அங்கே வாடகைக்குச் சறுக்குவண்டி எடுத்து, இரண்டு கிலோமீட்டர் காட்டுப்பாதையில் வளைந்து வளைந்து மிட்ஸ்டூவன் நிலையத்தில் வந்து விழுகிறோம். வண்டியோடு மெட்ரோ ஏறி மறுபடி மேலே. நாள் டிக்கெட் என்பதால் எத்தனை தடவையும் ஏறலாம், அதுதான் வம்பு.

நான்காவது சுற்றில் மேலே வந்தபோது இருட்டிவிட்டது. "இன்னும் ஒண்ணேயொண்ணு அப்பா." சரி என்றேன். பிளாஸ்க் ரசத்தை ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினோம்.