முதல் குலைக்கு முன்னால்: ஷாம்பேன் திராட்சை அறுவடைக்குப் போகிறவர்களுக்கு

பிரான்சின் திராட்சை அறுவடைக்கு வாந்தான்ஜ் என்று பெயர். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதை இலையுதிர்காலம் முழுக்க நீளும் வேலையாக நினைத்துக்கொள்கிறார்கள். நுரைக்கும் ஒயினுக்குப் பெயர்போன ஷாம்பேன் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் அது எட்டு முதல் பத்து நாளில் முடிந்துவிடும். வட்டாரம் முழுவதையும் சேர்த்தால் மூன்று வாரம். இவ்வளவு குறுகிய வேலையில் ஒரு நாள் தவறினால் கூலியில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. தாள்கள் சரியில்லாமல் முதல் நாள் நிற்க வைக்கப்படுவதும், ஞாயிற்றுக்கிழமை பேருந்து இல்லாமல் பாதி வழியில் மாட்டிக்கொள்வதும், இரண்டாம் நாளே இடுப்பு பிடித்துக்கொள்வதும் பெரிய வேலையில் சின்னத் தொல்லைகள். இங்கே அவைதான் நட்டம். அதனால் இந்த வேலையின் பாதி, கொடிக்குப் பக்கத்தில் போவதற்கு முன்பே நடக்கிறது.

ஷாம்பேனில் இயந்திரத்தால் அறுவடை செய்யக்கூடாது என்பது விதி. இங்கே விளையும் மூன்று முக்கிய ரகங்களில் பினோ நுவார், மெனியே இரண்டும் கறுப்புத் தோல் கொண்டவை. ஷார்தொனே மட்டும் வெள்ளை. கறுப்புத் திராட்சையிலிருந்து நிறமில்லாத சாறு எடுக்க வேண்டுமானால், பழம் தோல் கிழியாமல் முழுக் குலையாகச் சாறு பிழியும் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆலையில் 4,000 கிலோவை ஒரு தடவைக்கான அளவாக வைத்து, அதிலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டுமே எடுக்கலாம். அதற்கு மேல் பிழிந்தால் தோலின் நிறமும் துவர்ப்பும் இறங்கும். இந்தக் கணக்கு தெரிந்தால், குலையைத் தூக்கி எறியாதே, பெட்டியை அமுக்காதே என்று மேற்பார்வையாளர் ஏன் நாள் முழுக்கச் சொல்கிறார் என்பது புரியும். ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் கொடியைக் கையால் வெட்டுவதற்காக ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வருகிறார்கள்.

தேதிதான் முதல் சிக்கல். ஊருக்கு ஊர், ரகத்துக்கு ரகம் தொடக்க நாள் தனித்தனியாக அறிவிக்கப்படுகிறது. பழத்தின் சர்க்கரையையும் புளிப்பையும் அளந்து பார்த்த பிறகே அது முடிவாகும். 2013இல் செப்டம்பர் கடைசி வாரத்தில் தொடங்கிய அறுவடை, 2025இல் ஆகஸ்ட் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. ஜூலையில் தோட்டக்காரர் சொல்லும் தேதி உத்தேசம் மட்டுமே. அதை நம்பி, மாற்ற முடியாத மலிவு டிக்கெட் எடுப்பது தவறு. தொடக்கத்துக்கு ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு, அதற்குப் பிறகு டிக்கெட் எடுப்பதே சரி. முடிவு நாளும் அப்படித்தான். ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ எடுக்கலாம் என்று ஆண்டுதோறும் ஓர் உச்சவரம்பு உண்டு. 2024இல் 10,000 கிலோ, 2025இல் 9,000 கிலோ. வரம்பு குறைந்தால் வேலை நாளும் குறையும். பத்து நாள் என்று எண்ணிப் போய் ஏழாவது நாளில் வேலை முடிவது அரிதல்ல.

அடுத்தது வேலை உரிமை. பிரெஞ்சு மாணவர் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். அந்தக் கணக்கில் அறுவடை நேரமும் சேரும் என்பதால், குளிர்காலப் பகுதிநேர வேலைக்கு எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டுக் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அகதித் தகுதி பெற்றவர்களுக்கும் தடையில்லை. பாண்டிச்சேரிக் குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கேள்வியே இல்லை. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்களுக்கு வேலை உரிமை தானாக வருவதில்லை. ஆறு மாதம் கடந்த பிறகு, முதலாளி விண்ணப்பித்து அனுமதி வாங்கினால் மட்டுமே முடியும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாகப் பருவகால வேலைக்கு வருகிறவருக்கு, முதலாளி முதலில் இணையவழியில் வேலை அனுமதி பெற வேண்டும். விசா அதற்குப் பிறகுதான். பருவகாலத் தொழிலாளர் அட்டை இருந்தால் பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதம் வேலை செய்யலாம், ஆனால் நிலையான குடியிருப்பு பிரான்சுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். பத்து நாள் அறுவடைக்காக ஒரு தோட்டக்காரர் இத்தனை அலைச்சல் படுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல மாதம் நீளும் ஆப்பிள், காய்கறிப் பண்ணைகளுக்கே அந்த வழி பொருந்தும். வேலை வாங்கித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் பணம் வாங்குவது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். பிரான்ஸ் அறுவடைக்கு அனுப்புகிறேன் என்று லட்சங்கள் கேட்கிறவரிடம் பேச்சைத் தொடர வேண்டாம்.

விளம்பரங்கள் ஜூன் முதல் வரத் தொடங்கும். அரசு வேலைவாய்ப்பு அமைப்பான பிரான்ஸ் திராவாய் தளத்தில் தேடலாம். வேலை தருபவர் தோட்டக்காரரா, ஆள் சப்ளை செய்யும் இடைநிலை நிறுவனமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இடைநிலை நிறுவனங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெரும் அநியாயங்கள் நடந்தது அந்தக் கண்ணியில்தான். 2023இல் நெல் லெ ரெபோன் என்ற கிராமத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அறுவடைத் தொழிலாளர்கள் மனிதர் தங்கத் தகாத இடத்தில் அடைக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் மூன்று பேரை மனிதக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. ஆகவே தொலைபேசியில் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை இவை: சம்பளச் சீட்டில் யார் பெயர் வரும்? கூலி மணிக்கணக்கா, கிலோக் கணக்கா? தங்க இடம் உண்டா, முகவரி என்ன? சாப்பாட்டுக்கோ தங்குமிடத்துக்கோ பிடித்தம் உண்டா? ரயில் நிலையத்திலிருந்து யார் கூட்டிப்போவார்கள்? நேர்மையான தோட்டக்காரர் இவற்றுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். முகவரி மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறவரை விட்டுவிடுங்கள்.

பேச்சு முடிந்ததும் கார்த் த செஜூர் என்ற குடியிருப்பு அட்டையின் இரு பக்க நகல், சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு விவரம் உள்ள ரிப் தாள் ஆகியவற்றை உடனே அனுப்ப வேண்டும். வெளிநாட்டவரின் அட்டை செல்லுபடியாகுமா என்று முதலாளி, வேலை தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பு மாவட்ட அரசு அலுவலகமான பிரெஃபெக்தூரிடம் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். சனி, ஞாயிறு இடையில் வந்தால் அது நான்கு நாளாகிவிடும். ஞாயிறு இரவு அட்டையோடு போய் நின்று திங்கள் காலை கத்தரி பிடிக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். வேளாண் தொழிலாளர் காப்பீட்டு அமைப்பான எம்எஸ்ஏ-விடம் முன்கூட்டியே பதிவுசெய்வதும் முதலாளியின் பொறுப்பு. அந்தப் பதிவு இல்லாமல் தோட்டத்தில் விரல் வெட்டுப்பட்டால், வேலையில் இருந்ததையே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

அறுவடைக்கென்றே தனி ஒப்பந்தம் உண்டு. ஓர் ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு மேல் போகாது. பன்னிரண்டு மாதத்துக்குள் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. வேறு வேலையில் சம்பளத்தோடு விடுமுறையில் இருப்பவரும் இதில் சேரலாம் என்பது இதன் தனிச் சலுகை. வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முதல் எட்டு மணி நேரத்துக்குக் கூலி கால் பங்கு கூடும், அதற்கும் மேல் பாதி கூடும். 2024 நவம்பரில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சக் கூலி 2025 முடிவு வரை மணிக்கு 11.88 யூரோவாக இருந்தது. அதை வைத்து 43 மணி நேர வாரத்தைக் கணக்கிட்டால் 534.60 யூரோ வரும். எடுக்காத விடுமுறைக்கு ஈடாகப் பத்து விழுக்காடு சேர்த்தால் 588 யூரோ. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சமூகப் பாதுகாப்புப் பிடித்தமாகப் போகும். கிலோக் கணக்கில் வெட்டினாலும், செய்த மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தரக்கூடாது. புதியவர் மணிக்கணக்கையே தேர்ந்தெடுப்பது நல்லது. கிலோக் கணக்கு பழகிய கைகளுக்கு லாபம். பழகாத கைக்கு அவசரம், அவசரத்தில் வெட்டுக்காயம்.

பாரிசில் லா ஷப்பேல் பக்கம் தங்கியிருப்பவர்களுக்குப் பயணம் எளிது. கார் த லெஸ்த் நிலையம் நடக்கிற தூரம், அங்கிருந்து ஷாம்பேன் வட்டாரத்து ஊரான எப்பெர்னேவுக்கு ஒன்றேகால் மணி நேர ரயில். சிரமம் எப்பெர்னேவில் இறங்கிய பிறகு ஆரம்பிக்கிறது. கிராமத்துப் பேருந்துகள் பள்ளி நேரத்தை ஒட்டி ஓடுபவை. ஞாயிறன்று எதுவும் கிடைக்காத ஊர்களே மிகுதி. வேலை திங்கள் தொடங்கினாலும் சனி மதியத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது, பல ஊர்களில் திங்களும் இருக்காது. எனவே இரண்டு நாளுக்கான அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளோடு இறங்குவது நல்லது. தோட்டக்காரர் சாப்பாடு போடுவதானால் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் அதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட வேண்டும். காலை ரொட்டிக்குள் பன்றி இறைச்சித் துண்டு இருப்பது அங்கே வழக்கம்.

பையில் என்ன இருக்கிறது என்பதும் கூலியைத் தீர்மானிக்கும். காலை ஏழு, ஏழரைக்கு வேலை தொடங்கும்போது பத்து டிகிரிக்குக் கீழே இருக்கலாம்; இலையெல்லாம் பனி. கொடிக்குள் கை விட்ட ஐந்தாவது நிமிடத்தில் தோள் வரை நனையும், பிற்பகலில் முப்பது டிகிரி வெயில். மழைக் கால்சட்டையும் மேலாடையும், கணுக்கால் மூடும் பூட்ஸ், முழங்கால் பட்டை, அகல விளிம்புத் தொப்பி, மூன்று சோடி மெல்லிய ரப்பர் பூச்சுக் கையுறை ஆகியவை போதும். தடித்த தோல் கையுறை வேண்டாம், காம்பைத் தடவிப் பார்க்க முடியாது. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளவிக் கடி ஒவ்வாதவர்கள் மருந்தைத் தோட்டத்துக்கே எடுத்துப்போக வேண்டும். சாறு ஒழுகும் பெட்டிகளைச் சுற்றி நாள் முழுக்கக் குளவி இருக்கும்.

இனி வெட்டு. குலைகள் தொங்குவது முழங்கால் உயரத்தை ஒட்டி. ஆண்டு முழுக்கக் கவாத்து செய்து தாழ்வாக வளர்த்த கொடி என்பதால் நின்று வெட்ட வழியில்லை. குனிந்து வெட்டினால் இடுப்பு இரண்டாம் நாளே போய்விடும். குந்தி உட்கார்ந்து, ஒரு முழங்காலை ஊன்றி, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு காலை மாற்றி, இடையில் நின்று என நிலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குந்தி உட்காரப் பழகிய உடம்புக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. எப்பினெத் என்ற கத்தரி கவாத்துக் கத்தரியை விடச் சிறியது, நுனி கூரானது. முதலில் இடக்கையால் இலையை விலக்கிக் குலை முழுவதையும் பார்க்க வேண்டும். பிறகு உள்ளங்கையைக் குலைக்கு அடியில் கொடுத்து, காம்பைக் குலையை ஒட்டி வெட்டி, வாளியில் இறக்கி வைக்க வேண்டும். இலை போகக்கூடாது. சாம்பல் பூஞ்சை பிடித்த பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் போட வேண்டும். கொடியின் உச்சியில் பிந்திக் காய்த்த சின்னப் பச்சைக் குலைகளை விட்டுவிட வேண்டும். அவை புளிப்பைக் கூட்டும்.

வெட்டுக்காயம் விழுவது பெரும்பாலும் கத்தரி பிடிக்காத கையில். குலையைப் பார்க்காமல் தடவிப் பிடித்து வெட்டும்போது சொந்த விரல் மாட்டுகிறது. வரிசையின் இரு பக்கமும் எதிரெதிராக ஒரு சோடி வெட்டிக்கொண்டு போவதால், இலைக்குப் பின்னால் எதிராளியின் விரலும் இருக்கலாம். குலை யாருடையது என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வெட்டுவது பழகிய சோடிகளின் வழக்கம். வாளி நிறைந்ததும் ஓட்டை வைத்த பெட்டியில் கொட்டுவார்கள். நிறைந்த பெட்டி ஏறத்தாழ ஐம்பது கிலோ. அதைத் தூக்கி டிராக்டரில் ஏற்றுபவர் போர்த்தர். கூலி பெரும்பாலும் கொஞ்சம் அதிகம் என்பதற்காக முதல் ஆண்டே அந்த வேலையைக் கேட்டு வாங்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றிய கவலை புதியவர் எல்லோருக்கும் வருகிறது. முதல் நாள் பின்தங்குவது இயல்பு. வரிசை முடித்தவர்கள் திரும்பி வந்து எதிர்முனையிலிருந்து வெட்டி உதவுவார்கள். மூன்றாம் நாள் காலை எழும்போது வலி உச்சத்தில் இருக்கும், நான்காம் நாளிலிருந்து இறங்கும். முதல் நாளே முன்னணியில் போக முயன்றவர்களுக்கு அந்த மூன்றாம் நாள் மிகக் கடினம்.

வெயிலை அலட்சியம் செய்ய வேண்டாம். 2023 செப்டம்பர் வெப்பத்தில் ஷாம்பேன் அறுவடையில் வேலை செய்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள். 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் முதலாளி ஒவ்வொருவருக்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் குடிநீர் தர வேண்டும். தாகம் வரும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு வரிசை முடிவிலும் குடியுங்கள். வியர்வை நின்று தலை சுற்றினால் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், உடனே குழுத் தலைவரான ஷெஃப் தெகீப்பிடம் சொல்லி நிழலுக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் குழறினால் 15க்கோ 112க்கோ அழையுங்கள். தோட்டத்தின் பெயரும் ஊர்ப் பெயரும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் இருந்தால் ஆம்புலன்சுக்கு வழி சொல்லத் தடுமாற வேண்டாம்.

பொது விதிப்படி, தங்குமிடத்தில் ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் படுக்க வைக்கக்கூடாது. ஆறு பேருக்கு ஒரு குளியலறை வேண்டும். வந்து சேர்ந்த அன்றே பாருங்கள். சரியில்லை என்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் தோட்டக்காரரிடமும் பிறகு தொழில் ஆய்வாளரிடமும் சொல்லலாம்.

ஒரு சின்ன நோட்டில் தினமும் தொடங்கிய நேரம், மதிய இடைவேளை, முடித்த நேரம், எந்தத் தோட்டம் என்று எழுதி வாருங்கள். கடைசி நாளில் கோஷ்லே என்ற விருந்து நடக்கும், எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். அந்த மகிழ்ச்சியில் கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படியே ரயில் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. கிளம்புவதற்கு முன், சம்பளச் சீட்டு எந்த முகவரிக்கு வரும், எந்தத் தேதிக்குள் பணம் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலைச் சான்றிதழும் பிரான்ஸ் திராவாய்க்கான சான்றும் அதோடு வர வேண்டும். சீட்டு வந்ததும் நோட்டை அருகில் வைத்து மணிக்கணக்கை ஒப்பிடுங்கள். கூடுதல் நேரம் தனி வரியில் இருக்கும், விடுமுறை ஈட்டுத்தொகை வேறொரு வரியில் இருக்கும். பிழை இருந்தால் அந்த வாரமே எழுதுங்கள். கறுத்த விரல்களுக்குச் சோப்பு உதவாது, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் இரண்டு நாளில் போய்விடும்.