வரக்காப்பி

"அண்ணா, எனக்குப் பால் ஊத்தாதீங்க, வரக்காப்பி போதும்."

இன்று காலை, ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம். மச்சான் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் பாலை ஊற்றிவிட்டார்.

டம்ளரை வாங்கி, மேலே படிந்த ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தான். குடித்தால் கீழே இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவிலும் வயிறு கடமுடா.

நான் அதற்குள் இரண்டாவது டம்ளர்.

யோசித்தால் அவன்தான் பழைய வார்ப்பு. பாலூட்டிகளுக்குப் பால்குடி மறந்ததும் லாக்டோஸை (பாலில் உள்ள சர்க்கரை) செரிக்கும் நொதி குறைந்துவிடும். மாடு வளர்க்கத் தொடங்கிய பிறகு, கடந்த 10,000 ஆண்டுகளுக்குள்தான், வளர்ந்த பின்னும் அது சுரக்கும்படியான மரபணு மாற்றங்கள் பரவின. ஐரோப்பாவில் ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல்காரர்களிடம் வேறொன்று. இரண்டும் தனித்தனியாக, ஒரே வேலைக்கு!

நாகரிகம் வந்ததும் பரிணாமம் ஓய்ந்துவிட்டது என்றே நானும் நினைத்திருந்தேன். அது வேகமெடுத்தது என்று 2007இல் மானுடவியலாளர் ஜான் ஹாக்ஸ் குழுவினர் எழுதினார்கள். ஆட்கள் பெருகினால் புதிய மரபணு மாற்றங்களும் பெருகும். புதுச் சாப்பாடும் ஊர் நெரிசலில் பரவும் நோயும் அவற்றைச் சலித்தெடுக்கும்.

எத்தனை மடங்கு வேகம் என்பதில் சண்டை உண்டு. அவர்கள் சொன்ன 100 மடங்கு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் படுகிறது. பால் விஷயத்தில் சந்தேகமே இல்லை.

மச்சானிடம் இதையெல்லாம் விளக்கினேன்.

"சரி மாப்ள, அப்ப இதையும் நீயே குடி" என்று டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.