மூன்றாம் வருடத்துக்குக் கொடுங்கள்

நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்று தெரிந்ததும் சிலர் தனியாக வந்து கேட்பார்கள்: “ஏதாவது ஒரு பிள்ளையோட படிப்புக்கு உதவணும் மேடம். முதல் வருட ஃபீஸைக் கட்டிவிடலாமா?” நல்ல மனதோடு கேட்கிறார்கள். ஆனாலும் நான் உடனே தலையாட்டுவதில்லை. முதல் வருடத்தைக் குடும்பங்கள் எப்படியாவது சமாளித்துவிடும், நீங்கள் மூன்றாம் வருடத்துக்குக் கொடுங்கள் என்பேன்.

அட்மிஷன் நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். கடன் கிடைக்கும், சித்தப்பா கொடுப்பார், அக்கா தன் சேமிப்பை எடுத்துத் தருவாள். இரண்டாம் வருடம் பாதியைத் தாண்டும்போது அந்தக் கைகளெல்லாம் ஓய்ந்துவிடும். படிப்பு கடினமாவதும் அப்போதுதான். வேறு படிப்பென்றால் மாலையில் ஒரு வேலைக்குப் போய்ச் சமாளிக்கலாம். நர்சிங்கில் அதற்கு வழியில்லை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் மாலை, அப்புறம் நைட் டியூட்டி. வார்டில் இருக்க வேண்டிய மணி நேரம் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து, தூங்கும் முன் கேர் பிளான், அதாவது நோயாளியின் பராமரிப்புத் திட்டம், எழுதி முடிக்க வேண்டும். இதற்கு நடுவில் எந்த வேலைக்குப் போவது?

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். குழந்தைகள் வார்டில் எடைக்கு ஏற்ப மருந்தின் அளவைச் சொல்லச் சொன்னால், மற்றவர்கள் பேனா தேடுவதற்குள் விடை சொல்லிவிடுவாள். பயந்து அழும் குழந்தையிடம் ஊசியை மறைக்க மாட்டாள். காட்டி, பேசி, அப்புறம்தான் போடுவாள். அவளுடைய கல்விக் கட்டணம் முழுவதையும் ஒரு நன்கொடையாளர் கட்டியிருந்தார். ஆனால் போஸ்டிங் போட்ட, அதாவது வார்டு பயிற்சிக்கு அனுப்பிய, மருத்துவமனை தூரம். தினமும் போய்வரப் பணம் இல்லை. ஹாஸ்டல் பாக்கி ஏறிக்கொண்டே போனது. ஷூவின் அடி பிளந்து, ஒட்டி, மறுபடி பிளந்திருந்தது. ஃபீஸில் ஒரு காசு பாக்கியில்லாமல் அவள் படிப்பை நிறுத்திவிட்டுப் போனாள். அவளுக்கு உதவியவருக்கு இது ஏன் என்றே புரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ரசீதில் இருந்தது அவ்வளவுதான்.

ரசீதில் வராதவைதான் அதிகம். தினமும் துவைத்துப் போட மாற்று யூனிஃபார்ம், வினாடி முள் உள்ள வாட்ச், ஸ்டெதஸ்கோப், வார்டுக்குள் போகும் முன் போட்டிருக்க வேண்டிய ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, சமூக சுகாதாரப் போஸ்டிங்குக்காக வெளியில் தங்கும் செலவு. தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைகள்தான். மாதக் கடைசியில் இரண்டு சேர்ந்து வந்தால் அந்தப் பிள்ளை விடுப்பு எழுதிக் கொடுத்துவிடும்.

இதைப் பழைய ஆட்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1855 நவம்பரில் லண்டனில் கூடிய ஒரு பொதுக்கூட்டத்தில்தான் நைட்டிங்கேல் நிதி தொடங்கியது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அப்போது கிரிமியப் போரின் காயம்பட்டவர்களோடு இருந்தார். போர்வீரர்கள் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். பாடகி ஜென்னி லிண்ட் 1856இல் இதற்காகவே கச்சேரி செய்தார். சுமார் 44,000 பவுண்டு சேர்ந்தது. அந்தப் பணத்தில் 1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, நிதியிலிருந்து எதற்கெல்லாம் கொடுத்தார்கள் என்று பாருங்கள்: தங்குமிடம், சாப்பாடு, சலவை, சீருடை, அதற்கு மேல் கைச்செலவுக்கு வருடம் 10 பவுண்டு. பயிற்சிக்கு வந்த பெண் எதற்காகவும் வீட்டை எதிர்பார்க்கத் தேவையில்லை. இந்த வரலாற்றைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் அந்தச் ‘சலவை’ என்ற சொல்லில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவேன்.

அங்கேயும் ஒப்பந்தம் இருந்தது. பயிற்சி முடித்தவர்கள் சில வருடங்கள் மருத்துவமனைப் பணியில் இருக்க வேண்டும். இன்றைக்கும் ‘பாண்ட்’ போட்டுத்தான் உதவுவோம் என்கிறவர்கள் உண்டு. குறுகிய காலம், எழுத்தில் தெளிவான நிபந்தனை, விலக நேர்ந்தால் நியாயமான தொகையைத் திருப்பித் தரலாம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் இடத்தைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேலை கிடைத்தும் காகிதம் இல்லாமல் நின்ற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அதைத் தர்மம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெரிய தொகை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது வேறு: ஆசிரியருக்குக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி 2023இல் உலகத்தில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தார்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவை. சேர ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வார்டில் அவர்கள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லித்தர ஆள் இல்லை. அனுபவமுள்ள நர்ஸுக்கு மருத்துவமனையில் கிடைக்கும் சம்பளம் பல இடங்களில் கற்பிக்கும் வேலையில் கிடைப்பதில்லை. நோயாளிக்குப் பதிலாக வைத்துப் பழகும் மேனிகின் பொம்மையை விலை கொடுத்து வாங்கிப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். அதை இயக்கிப் பயிற்சி கொடுக்க யாரும் இல்லாமல் அது பெட்டியிலேயே கிடப்பதைப் பார்க்க வயிறு எரியும். 1923இல் ஃபிரான்சஸ் பேய்ன் போல்ட்டன் கொடுத்த நன்கொடையால்தான் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நர்சிங் பள்ளி ஒரு பல்கலைக்கழகத்தின் முழுமையான அங்கமாக நிலைபெற்றது. பின்னால் அவரே நாடாளுமன்ற உறுப்பினராகி, 1943இல் அரசுச் செலவில் செவிலியர் பயிற்சி கொடுக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். கொடுத்ததோடு நிற்காமல், கற்பிக்கும் இடம் நிலைக்க வேண்டும் என்று நினைத்த மனுஷி. எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

பெரிய தொகை இல்லையா? அப்படியானால் கடைசித் தேர்வு முடிந்த வாரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கினாலும் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யாமல் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. உரிமத் தேர்வு இருக்கும் நாடுகளில் அதற்கும் கட்டணம். குடும்பத்தின் கையில் ஒன்றுமே மிச்சமில்லாத நேரத்தில் அந்தக் கட்டணம் வந்து நிற்கும். நான்கு வருடம் படித்தவர் பதிவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார்.

கல்லூரிக்கே கொடுப்பதாக இருந்தால், அவசர நிதியாகக் கொடுங்கள். கேட்ட அன்றே கிடைக்க வேண்டும். வறுமையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம். மேடையேற்றிக் காசோலையோடு போட்டோ எடுக்கவும் வேண்டாம். நாளைக்கு அதே பிள்ளை உங்கள் படுக்கை அருகில் வந்து நாடி பார்க்கப் போகிறவள். யாருக்குத் தேவை என்று தெரியவில்லை என்றால், அலுவலகத்தில் கேட்பதைவிட, வார்டில் சொல்லித்தரும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரைக் கேளுங்கள். காலை ஆறரைக்கு வார்டு வாசலில் வருகை எடுப்பவர் அவர்தான். யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், யாருடைய ஷூ நனைந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.