அக்குளில் நெறி கட்டிய அந்த வாரம்

2021 ஏப்ரல் கடைசி. எனக்கு 47 வயது. 45 தாண்டிய எல்லாருக்கும் அந்த மாதம்தான் கொரோனா தடுப்பூசி என்று அறிவித்திருந்தார்கள். கடலூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம். கிளம்பும்போது அத்தை வாசலிலேயே மறித்தார். "வேணாம்மா, அந்த நடிகர் விவேக் புள்ள ஊசி போட்டு ரெண்டே நாள்ல போயிட்டாரே." வீட்டுக்கு வீடு அப்போது இதே பேச்சு. அவர் இறப்புக்கு ஊசி காரணமில்லை என்று மத்தியக் குழு ஆராய்ந்து சொல்லப் பல மாதம் ஆனது. அன்றைக்கு அத்தைக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பயத்தோடுதான் போனேன்.

கோவிஷீல்டு, அரை மில்லி, இடது கையில். அரை மணி நேரம் உட்கார வைத்து, "காய்ச்சல் வரும், பாராசிட்டமால் போட்டுக்கங்க, ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்க" என்று நர்ஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் வரைக்கும் ஒன்றுமில்லை. முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்குக் குளிர் பிடித்தது. அந்தப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தி இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. காய்ச்சல் 102. சிக்குன்குனியா வந்தபோது மூட்டுமூட்டாக வலித்ததே, அதே வலி. மாத்திரை போட்டால் வேர்த்து இறங்கும், விடியற்காலையில் திரும்ப ஏறும். மறுநாள் கையைத் தூக்க முடியாமல் மகள்தான் தலை பின்னிவிட்டாள். கஞ்சி, படுக்கை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

ஐந்தாம் நாள் குளிக்கும்போது இடது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்ததைப் பார்த்தேன். காய்ச்சலுக்குப் பயப்படாதவள் இதற்குப் பயந்துவிட்டேன். இப்படியும் ஆகலாம் என்று முகாமில் யாரும் சொல்லவில்லையே என்ற கோபமும் இருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடம்பு ஊசிக்கு எதிர்ப்பு சக்தி உண்டாக்குது, அதான் நெறி. தானா வத்திடும்" என்றார். கூடவே அவர் சொன்னதுதான் முக்கியம்: மூன்று வாரத்துக்குள் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காலோ கையோ வீங்கினாலோ, விடாத தலைவலி வந்தாலோ, ஊசி போட்ட இடத்தை விட்டு வேறெங்காவது ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ரத்தம் உறைவதற்கான அறிகுறிகள் அவை. மிக மிக அரிது என்றாலும் தெரிந்திருக்க வேண்டும். மே மாதம் சுகாதார அமைச்சகமும் இதையே அறிவித்தது. பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்று கணக்கும் சொன்னது. நான் காலண்டரில் எழுதி வைத்துத் தினமும் காலையும் கையையும் பார்த்துக்கொண்டேன். நெறி இரண்டு வாரத்தில் கரைந்தது.

இரண்டாவது ஊசிக்கு ஆறேழு வாரத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். இடையில் அதை 12 முதல் 16 வாரம் என்று மாற்றியதால் ஜூலை கடைசியில்தான் போட்டேன். கைவலி மட்டும், அதுவும் ஒரு நாள்.

அன்றைக்கு அத்தையும் என்னோடு வந்து முதல் ஊசி போட்டுக்கொண்டார். நான் பட்டதையெல்லாம் கூட இருந்து பார்த்தவர். வயதானவர்களுக்கு வேகம் குறைவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியும் எனக்கு மனசு கேட்கவில்லை. தெர்மாமீட்டரோடு ராத்திரி முழுக்க அவர் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடியும் வரை 99-ஐத் தாண்டவில்லை.