ரெண்டு பேரும் பக்கம் தாண்டக் கூடாது

நான் எழுதும் செவ்வாய்க் கிரகக் கதையை முதலில் படிப்பது வீட்டில் இருக்கும் ரெண்டு பேர். ராக்கெட் வந்தால் அக்கா பக்கத்தைத் தள்ளிவிடுவாள். நாயகனும் நாயகியும் தனியாகப் பேசினாலே தம்பி, "சரி, ஆக்சிஜன் லீக் நின்னுச்சா?" என்பான்.

ஒரு அத்தியாயம் காதல், ஒரு அத்தியாயம் சாகசம் என்று பங்கு பிரித்தால் ரெண்டு பேருக்கும் பாதிக் கதைதான் போய்ச் சேரும். காதலுக்கும் ஆபத்துக்கும் முட்டுக்கட்டை ஒன்றாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி.

என் நாயகி காசிமேட்டுக்காரி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டிக் கைபழகியவள். செவ்வாயில் மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் அவள் பொறுப்பு. அவன் எண்ணூரில், கட்டுப்பாட்டு அறையில். (எண்ணூரில் விண்வெளி மையமா என்று சிரிக்காதீர்கள். எல்லா ஆலையையும் எங்கள் பக்கம்தானே கொண்டுவந்து வைக்கிறார்கள், நான் இதையும் வைத்துவிட்டேன்.)

நடுவில் தூரம். கிரகங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஒரு செய்தி போய்ச்சேர 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். பதில் வர இன்னும் அதே அளவு. "கோபமா?" என்று கேட்டுவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவள் கோபம் தணிந்து வேறெதையோ பேசி அனுப்பியிருப்பாள். அதே தாமதத்தில்தான் "வால்வை மூடட்டுமா?" என்பதும் மாட்டிக்கொள்கிறது. காற்று அதுவரை தாங்காது, மூடிவிடுகிறாள். "மூடாதே" என்ற அவன் குரல் அப்புறம்தான் வந்துசேர்கிறது. அந்த வால்வுப் பக்கத்தை அக்கா ரெண்டு தடவை படித்தாள்.

சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் குறுக்கே சூரியன் வரும். ரெண்டு வாரம் போல, அங்கே உள்ள கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவைப்பார்கள். கதையின் நடுப்பகுதி அங்கே. பிரிவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஒவ்வொரு முடிவு எடுக்கும்போதும் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசிக்கிறாள். பாதி நேரம் அதற்கு நேரெதிராகச் செய்கிறாள்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில், காணாமல்போன கணவன் சிபியைத் தேடப்போய்த்தான் நிலா வம்பில் மாட்டுகிறாள். அந்தத் தேடலைக் கழற்றினால் கதை நகராது. மனசில் நின்றதென்னவோ ஜீனோ என்ற இயந்திர நாய், அது வேறு விஷயம்.

இப்போது அவளைத் திருப்பி அழைத்துவந்துகொண்டிருக்கிறேன். பூமியை நெருங்க நெருங்கத் தாமதம் குறையும். இவ்வளவு நாள் யோசித்து யோசித்துப் பேசியவர்களுக்கு உடனுக்குடன் பதில் சொல்லிப் பழக்கமே இல்லை. அதனால் பெரிய சண்டையை, கப்பல் தரையிறங்கும் நேரத்துக்கென்று வைத்திருக்கிறேன்.